விலக்கப்பட்டவர்களின் வாழ்வு: தாவூதி போராக்களிடையே சமய அதிகாரமும் சீர்திருத்த இயக்கமும்

தண்டனை வகைகளுள் சமூக விலக்கம் தனித்தன்மை வாய்ந்தது. அதற்குச் சிறைக்கூடம் வேண்டுவதில்லை, காவலரும் வேண்டுவதில்லை. விலக்கப்பட்டவனுடைய உடன்பிறந்தாரும் மைத்துனரும் கடைப் பங்காளியுமே அத்தண்டனையை நிறைவேற்றுவோர் ஆகின்றனர். தமிழகத்தில் ஊர்விலக்கு, சாதிவிலக்கு என்று வழங்குவதும் குஜராத்தில் 'நாத்பஹார்' என்று வழங்குவதும் இதுவேயாம். சாதியின் பெயரால் நிகழும் விலக்கத்தைப் பற்றி விரிவான ஆய்வுகள் உண்டு. சமய நெறியின் பெயரால் ஒரு சிறு சமூகத்துக்குள்ளேயே நிகழும் விலக்கம் ஒப்புநோக்கக் குறைவான கவனத்தையே பெற்றுள்ளது.

மேற்கு இந்திய வணிகச் சமூகங்களுள் ஒன்றாகிய தாவூதி போராக்களிடையே 20ஆம் நூற்றாண்டில் வளர்ந்த சீர்திருத்த இயக்கம் இவ்வகையில் கருதத்தக்கது. இவ்வியக்கத்தினர் சமயத்தைத் துறந்தவர் அல்லர். தொழுகையையும் நோன்பையும் முஹர்ரம் துக்கத்தையும் விடாது போற்றியவாறே தம் சமூகத்தின் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள். அவர்கள் எவற்றை இழந்தனர், இழந்தவற்றுள் எவற்றைத் தாமே மீண்டும் அமைத்துக்கொண்டனர், அவர்தம் வழக்கு அரசியலமைப்பின் விளக்கத்தில் எவ்வகை வினாவை எழுப்பியது என்பன ஈண்டு ஆராயப்படுகின்றன.

பம்பாய் நீதிமன்றமும் குருமாரும்

சமயத் தலைமையின் அதிகாரம் நீதிமன்றத்தில் வினாவுக்கு உள்ளாவது பம்பாய்க்குப் புதிதன்று. புஷ்டிமார்க்க வைணவக் குருமாராகிய மகராஜர்களின் ஒழுக்கத்தைக் கர்சன்தாஸ் முல்ஜி (1832-1871) தம் 'சத்யப்பிரகாஷ்' இதழில் 1860இல் கண்டித்து எழுதினார். ஜதுநாத்ஜி மகராஜ் ரூ. 50,000 இழப்பீடு கோரி அவர்மீது மானநட்ட வழக்குத் தொடுத்தார். 1862இல் வந்த தீர்ப்பு முதன்மையான குற்றச்சாட்டில் கர்சன்தாஸுக்குச் சார்பாக அமைந்தது. ஆயினும் நீதிமன்றத்தில் வென்றவர் சாதி மன்றத்தில் வெல்லவில்லை. அடுத்த ஆண்டு அவர் இங்கிலாந்துக்குக் கடல்கடந்து சென்றதைக் காரணம் காட்டிச் சாதியார் அவரை விலக்கினர். பின்னர்க் கத்தியவார் சமஸ்தானங்களில் நிர்வாகப் பணியேற்று, எழுத்துப் பணியையும் தொடர்ந்து, 39ஆம் அகவையில் அவர் மறைந்தார்.

அவ்வழக்கை விசாரித்த நீதிபதிகள் இருவருள் ஒருவரான சர் ஜோசப் ஆர்னோல்டு, நான்கு ஆண்டுகளின்பின் 1866இல் கோஜா சமூகத்தாரின் வழக்கையும் விசாரித்தார். முதலாம் ஆகா கானின் அதிகாரத்தையும் அவருக்குச் செலுத்த வேண்டிய காணிக்கையையும் மறுத்த பம்பாய்க் கோஜாக்கள் சிலர் அவ்வழக்கைத் தொடுத்திருந்தனர். கோஜாக்கள் ஷியா இஸ்மாயிலி நெறியினர் என்றும், ஆகா கானே அவர்தம் சமயத் தலைவர் என்றும் ஆர்னோல்டு தீர்ப்பளித்தார். ஒரே நீதிபதியின் கையால் ஒரு சீர்திருத்தக் கட்சி வென்றது, மற்றொன்று தோற்றது. தோற்றவர்கள் சுன்னி நெறியினராக வேறு ஜமாஅத் அமைத்துக்கொண்டனர். வெளியேறிச் செல்வதற்கு அவர்களுக்கு மற்றொரு வீடு இருந்தது. போராச் சீர்திருத்தவாதிகள் அவ்வாறு வேறு வீடு தேடிச் செல்ல மறுத்தமையே அவர்தம் வரலாற்றின் சிக்கலுக்கும் சிறப்புக்கும் காரணம் எனலாம்.

தாஈயும் உறுதிமொழியும்

போரா என்னும் பெயர் வணிகம் செய்தலைக் குறிக்கும் குஜராத்திச் சொல்லினின்று பிறந்தது என்பர். இவர்கள் ஷியாக்களுள் முஸ்தஅலி இஸ்மாயிலி கிளையினர். எகிப்தில் ஆண்ட பாத்திமிய கலீபாக்களைத் தம் இமாம்களாகக் கொண்டவர்கள். 21ஆம் இமாமாகிய தையிப் 12ஆம் நூற்றாண்டில் மறைவு நிலை புக்கார் என்பதும், அவர் வழிவரும் இமாம்கள் இன்றும் மறைந்தே வாழ்கின்றனர் என்பதும் இவர்தம் நம்பிக்கை. மறைந்த இமாமின் சார்பில் சமூகத்தை வழிநடத்துபவரே 'தாஈ அல் முத்லக்'. தாஈ என்னும் அரபுச் சொல்லுக்கு அழைப்பவர் என்பது பொருள். முத்லக் என்பது வரம்பற்ற அதிகாரத்தைக் குறிக்கும். இத்தலைமை முதலில் யமன் நாட்டில் நிலவிற்று. 16ஆம் நூற்றாண்டில் குஜராத்துக்குப் பெயர்ந்தது. 26ஆம் தாஈயின் மறைவுக்குப் பின் எழுந்த வாரிசுரிமைப் பூசலில் சுலைமானியர் பிரிந்தனர். தாவூத் பின் குத்புஷாவைப் பின்பற்றியோர் தாவூதிகள் ஆயினர். தலைமைப் பீடம் அகமதாபாத், ஜாம்நகர், உஜ்ஜயினி, புர்ஹான்பூர், சூரத் எனப் பல ஊர்களில் தங்கி இறுதியில் மும்பையை வந்தடைந்தது. உலகெங்கும் வாழும் தாவூதி போராக்கள் 10 இலட்சம் அளவினர் எனப் பொதுவாக மதிப்பிடப்படுகின்றனர்.

பருவமெய்தும் சிறுவரும் சிறுமியரும் 'மீசாக்' எனப்படும் உறுதிமொழியை ஏற்பர். இமாமுக்கும் அவர்தம் தாஈக்கும் கீழ்ப்படிந்து நடப்பதாக அளிக்கும் அவ்வுறுதிமொழி ஆண்டுதோறும் துல்ஹஜ் மாதம் 18ஆம் நாளில் புதுப்பிக்கப்படும். ஊர்தோறும் தாஈயின் பேராளராக 'ஆமில்' ஒருவர் இருப்பார். திருமணத்துக்கும் அடக்கத்துக்கும் தொழுகையை முன்னின்று நடத்துதற்கும் அவருடைய 'ரஸா', அதாவது இசைவு வேண்டும். இவ்வமைப்பின் மற்றொரு முகத்தையும் மறத்தலாகாது. சிதறிக் கிடந்த ஒரு சிறுபான்மைச் சமூகம் பல நூற்றாண்டுகள் தன் மறைபொருள் இலக்கியத்தையும் மொழியையும் வணிக நாணயத்தையும் காத்துக்கொள்ள உதவியது இக்கட்டுக்கோப்பே. கெய்ரோவின் அல் ஹாகிம் பள்ளிவாசலைப் புதுக்கியதும், சூரத்தில் கல்விநிலையம் வளர்த்ததும், வட்டியில்லாக் கடன் நிதிகள் அமைத்ததும் இத்தலைமையின் பணிகளே. ஆனால், காக்கும் கை ஒருவரைக் கைவிட்டால் அவர் கதி யாது என்பதே சீர்திருத்தவாதிகள் எழுப்பிய வினா.

கல்லாவும் கணக்கும்

1915இல் பதவியேற்ற 51ஆம் தாஈ தாஹிர் சைபுத்தீன் காலத்தில் பூசல் முதன்முதலாக நீதிமன்றம் ஏறியது. மும்பையில் சேட் சந்தாபாய் என்பாரின் அடக்கத்தலத்தில் ஓர் உண்டியல் இருந்தது. குஜராத்தியில் அதனைக் 'கல்லா' என்பர். தமிழ்க் கடைவீதியின் கல்லாப்பெட்டியும் இச்சொல்லே. அக்காணிக்கை யாருக்கு உரியது, கணக்குக் கேட்கும் உரிமை யாருக்கு உண்டு என்பதே வழக்கு. பம்பாயின் பெருவணிகராகிய சர் ஆதம்ஜி பீர்பாயின் மைந்தர்கள் இவ்வழக்கின் பின்னணியில் நின்றனர். நேரல் - மாத்தேரான் மலை இரயில் பாதையை 1907இல் அமைத்து முடித்த குடும்பம் அது. அரசின் தலைமை வழக்கறிஞர் பெயரில் 1917இல் தொடுக்கப்பட்ட வழக்கில் நீதிபதி மார்ட்டன் 1921இல் தீர்ப்பளித்தார். தாஈக்கு உரிய சமயச் சிறப்பை நீதிமன்றம் மறுக்கவில்லை. ஆயினும் அறக்கொடைச் சொத்தைப் பொறுத்தவரை அவர் பொறுப்புரிமையாளரே என்றும் கணக்குக் காட்டும் கடமைக்கு உட்பட்டவர் என்றும் கூறிற்று.

புர்ஹான்பூரில் எழுந்த பூசலுக்குக் கல்வியும் ஒரு காரணம். அங்குப் பள்ளிக்கூடம் நடத்திய போராக்கள் சிலர் தலைமையோடு முரண்பட்டு விலக்கப்பட்டனர். அவ்வழக்கு இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை சென்றது. 1947 டிசம்பரில், அதாவது நாடு விடுதலை பெற்ற சில மாதங்களுக்குள், வந்த தீர்ப்பு இரு கூறுகளை உடையது. விலக்கும் அதிகாரம் தாஈக்கு உண்டு என்பது ஒன்று. அவ்வதிகாரம் மனம்போன போக்கில் செலுத்தத்தக்கதன்று, உரிய முறைகளைப் பின்பற்ற வேண்டும் என்பது மற்றொன்று. முறை பின்பற்றப்படாமையால் புர்ஹான்பூர்க்காரர்களின் விலக்கம் செல்லாது என்று முடிவாயிற்று. அதிகாரத்தை ஒப்புக்கொண்டு அதன் செயலை மட்டும் தடுத்த தீர்ப்பு இது. இருதரப்பாரும் இதனைத் தத்தம் வெற்றியாகக் கொள்ள இடமிருந்தது.

1949 சட்டமும் 1962 தீர்ப்பும்

பம்பாய் மாகாணச் சட்டமன்றம் 1949இல் விலக்கத் தடைச் சட்டத்தை இயற்றிற்று. ஒருவரைச் சமூகத்தினின்று வெளியேற்றி, உரிமையியல் வழக்கின் வழியாக நிலைநாட்டத்தக்க உரிமைகளை அவர் இழக்கச் செய்தலே விலக்கம் என அச்சட்டம் வரையறுத்தது. வழிபாட்டிடத்தில் வழிபடும் உரிமை, உடலை அடக்கம் செய்யவோ எரிக்கவோ உள்ள உரிமை ஆகியனவும் அவ்வரையறையுள் அடங்கும். மீறுவோருக்கு ரூ. 1,000 வரை தண்டம். அரசியலமைப்பு நடைமுறைக்கு வருமுன்னரே இயற்றப்பட்ட இச்சட்டம் போராக்களுக்கென்றே இயற்றப்பட்டதன்று. எல்லாச் சமூகத்துக்கும் பொதுவானது.

தம்மீது 1934, 1948 ஆகிய ஆண்டுகளில் பிறப்பிக்கப்பட்ட விலக்க ஆணைகள் செல்லா என்று அறிவிக்கக் கோரி ஒருவர் அவ்வாண்டே வழக்குத் தொடுத்தார். பம்பாய் உயர் நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. 51ஆம் தாஈ 1958இல் நேரே உச்ச நீதிமன்றத்தை நாடினார். ஐவர் அமர்வு 1962 ஜனவரி 9இல் தீர்ப்பளித்தது. நால்வர் சட்டம் செல்லாது என்றனர், தலைமை நீதிபதி பி. பி. சின்ஹா மட்டும் வேறுபட்டார்.

பெரும்பான்மையினர் சார்பில் எழுதிய நீதிபதி தாஸ் குப்தாவின் வாதம் இது: சமய அடிப்படையில் ஒருவரை விலக்குதல் ஒரு சமயப் பிரிவு தன் சமயக் காரியங்களைத் தானே நடத்திக்கொள்ளும் உரிமையின் கூறு, அவ்வுரிமையை அரசியலமைப்பின் 26ஆம் உறுப்பு காக்கின்றது, அதனால் தனிமனிதரின் உரிமையியல் நலன்கள் பாதிக்கப்படுவது இங்குக் கருதத்தக்கதன்று. சென்னையிலிருந்து சென்ற நீதிபதி என். இராஜகோபால ஐயங்கார் தனித் தீர்ப்பெழுதி இதனோடு உடன்பட்டார். அடிப்படை நம்பிக்கையை மறுப்போரை வெளியேற்ற இயலாத சமயப் பிரிவு தன் அடையாளத்தையே இழந்துவிடும் என்பது அவர்தம் கருத்து. சமூகச் சீர்திருத்தம் என்ற பெயரால் ஒரு சமயத்தை அதன் அடையாளம் அழியுமாறு சட்டமன்றம் திருத்த முடியாது என்றும் அவர் கருதினார்.

சின்ஹாவின் மாறுபட்ட தீர்ப்பு வேறு திசையில் நோக்கியது. சமய நம்பிக்கையும் அதனோடு ஒட்டிய உரிமையியல் நலன்களும் ஒன்றல்ல என்று அவர் பிரித்தார். விலக்கப்பட்டவர் தம் சமூகத்தில் ஏறத்தாழத் தீண்டத்தகாதவராகவே ஆக்கப்படுகின்றார். அந்நிலையினின்று அவரைக் காக்கும் சட்டம், தீண்டாமையை ஒழிக்கும் 17ஆம் உறுப்பின் நோக்கத்துக்கு இசைந்ததே என்பது அவர் முடிவு. தீண்டாமை என்னும் சொல்லைச் சாதி அமைப்புக்கு வெளியே, ஒரு முஸ்லிம் சமூகத்தின் உள்விவகாரத்துக்குப் பொருத்திப் பார்த்த துணிவு குறிப்பிடத்தக்கது.

பெரும்பான்மைத் தீர்ப்பினுள் ஒரு நுட்பம் உண்டு. அது காத்தது சமய அடிப்படையிலான விலக்கத்தை மட்டுமே. சமயம் சாராத காரணங்களுக்காக, எடுத்துக்காட்டாகக் கேடான ஒரு சமூகக் கட்டுப்பாட்டை மீறியமைக்காக விலக்குவதைத் தடுப்பின் அது சமூக நலச் சட்டமாகக் கருதப்படக்கூடும் என்ற குறிப்பும் அதில் இடம்பெற்றது. ஆனால் எது சமயக் காரணம், எது அன்று என்பதை யார் முடிவு செய்வது? எல்லாச் செயலுக்கும் ரஸா வேண்டும் என்னும் அமைப்பில் ரஸாவின்றிச் செய்யும் எச்செயலும் கீழ்ப்படியாமை ஆகிவிடும். கீழ்ப்படியாமை உறுதிமொழி மீறல் ஆகிவிடும். உறுதிமொழி மீறல் சமயக் குற்றம் ஆகிவிடும். எட்டு ஆண்டுகளுக்குள் உதயப்பூர் இதனை வெளிப்படுத்திற்று.

உதயப்பூர், 1970

ராஜஸ்தானத்து உதயப்பூர் மேவார் அரசின் பழைய தலைநகர். நகரின் போராவாடிப் பகுதியில் நெருங்கி வாழ்ந்த போராக்கள் பெரும்பாலும் சிறு வணிகர். அவர்களுள் படித்த இளைஞர்கள் 'போரா யூத்' என்ற பெயரில் ஓர் அமைப்பை ஏற்படுத்திப் படிப்புதவி முதலிய பணிகளைச் செய்துவந்தனர். 1970இல் நகராட்சித் தேர்தல் வந்தது. சமயத் தலைமையின் ஆதரவு பெற்ற வேட்பாளர்களை எதிர்த்து இளைஞர்கள் போட்டியிட்டு வென்றனர்.

நகராட்சி உறுப்பினர் பதவி என்பது தெருவிளக்கும் சாக்கடையும் பற்றியது. அதற்கும் மறைந்த இமாமுக்கும் தொடர்பில்லை என்று இளைஞர்கள் கருதினர். தலைமையின் பார்வை அதுவன்று. சமூகத்தின் வாக்குகள் ஒருமுகமாய் நிற்பதால்தான் சிறுபான்மையினராகிய போராக்களுக்கு ஆட்சியாளரிடம் மதிப்பு உண்டு. அவ்வொருமையைக் குலைப்பது தாஈயின் வழிகாட்டலை மறுப்பதே என்பது அத்தரப்பின் நிலை. இளைஞர் அமைப்பைக் கலைக்குமாறு வற்புறுத்தல் எழுந்தது; மறுத்தோருக்கு எதிராக 'பராஅத்' வந்தது. அரபியில் தொடர்பறுத்துக்கொள்ளுதல் என்னும் பொருளுடைய சொல் அது. 1970களின் நடுப்பகுதிக்குள் உதயப்பூர்ப் போராக்கள் இரண்டாகப் பிளந்தனர். தலைமையைப் பின்பற்றுவோர் 'ஷபாப்' என்றும் சீர்திருத்தவாதிகள் 'யூத்' என்றும் பெயர் பெற்றனர். அரபியும் ஆங்கிலமுமாகிய இவ்விரு சொற்களுக்கும் பொருள் ஒன்றே: இளமை.

பிற ஊர்களில் விலக்கப்பட்டோர் தனிமனிதராகவோ தனிக்குடும்பமாகவோ நின்றனர். உதயப்பூரில் சமூகத்தின் பெரும்பகுதி ஒருசேர வெளியே நின்றது. இவ்வேறுபாடே மறுவாழ்வைச் சாத்தியமாக்கியது.

எவ்வாறு வாழ்ந்தனர்

விலக்கத்தின் முதல் அடி வீட்டுக்குள் விழும். கணவன் ஒருபுறமும் மனைவியின் பிறந்தகம் மறுபுறமும் நிற்கும்; விலக்கப்பட்டவரோடு உறவாடுவோரும் விலக்கப்படுவர் என்பதால் தாயும் மகளும் பேசிக்கொள்ள அஞ்சுவர். மணமுறிவு வரை சென்ற குடும்பங்கள் உண்டு. இரண்டாம் அடி கடையில் விழும். போராக்களின் வணிகம் ஒருவரையொருவர் நம்பிக் கொடுக்கும் கடனாலும், ஊர்விட்டு ஊர் பரவிய உறவு வலையாலும் இயங்குவது. இரும்புச் சாமான், கண்ணாடி, வண்ணப்பூச்சு ஆகிய சரக்குகளை மொத்தமாகக் கொள்வதும் கொடுப்பதும் பெரும்பாலும் சமூகத்துக்குள்ளேயே நடைபெறும். அவ்வலை அறுந்தால் கடைக்காரன் ஒரே மாதத்தில் முதலின்றி நிற்க நேரும். மூன்றாவது, மரணம். அடக்கத்தலத்தில் ஆறடி மண் கிடைக்குமா என்ற அச்சம், வாழ்நாளெல்லாம் துணிந்து நின்றவரையும் முதுமையில் பணிய வைத்தது.

உதயப்பூர்ச் சீர்திருத்தவாதிகள் இம்மூன்றுக்கும் விடை தேட வேண்டியிருந்தது. நிக்காஹ் நடத்த ஆமில் வாராதபோது மார்க்கக் கல்வி உடைய தம்முள் ஒருவரைக் கொண்டே அதனை நடத்தினர். இஸ்லாமியச் சட்டப்படி மணமக்களின் இசைவும் சாட்சிகளும் மஹரும் இருப்பின் நிக்காஹ் நிறைவேறும் என்பது அவர்தம் வாதம். சொல்வதற்கு எளிது; ஆனால் ஆமில் நடத்தாத நிக்காஹ் செல்லுமா, அதன் வழிப் பிறக்கும் பிள்ளைகளின் நிலை என்ன என்று தலைமுறைகளாய் அஞ்சிவந்த ஒரு சமூகத்தில் முதல் மணத்துக்குத் தம் மகளைக் கொடுக்க முன்வந்த பெற்றோரின் மனநிலையை எளிதாக எண்ணிவிட முடியாது. நாளடைவில் அவ்வச்சம் நீங்கியது. பள்ளிவாசல்கள் சில அவர்கள் பொறுப்பில் அமைந்தன, தொழுகை தொடர்ந்தது, அடக்கமும் நடந்தது.

கடன் வலை அறுந்த இடத்தில் அவர்கள் கூட்டுறவு முறையைக் கைக்கொண்டனர். சீர்திருத்தவாதிகள் தொடங்கிய நகர்ப்புறக் கூட்டுறவு வங்கி வேற்றுச் சமயத்தாரையும் உறுப்பினராகக் கொண்டு வளர்ந்தது. இங்கு ஒரு முரண் தோன்றுவதைச் சுட்டலாம். ஏறத்தாழ அதே காலத்தில், 52ஆம் தாஈ முஹம்மது புர்ஹானுத்தீன் தலைமையில், வட்டி ஈட்டும் வங்கி முறை விலக்கத்தக்கது என்றும், ஆடவர் தாடியும் வெண்ணிறத் தொப்பியும் கொள்ளவேண்டும், பெண்டிர் 'ரிதா' உடை உடுத்தவேண்டும் என்றும் வற்புறுத்தப்பட்டது. தோற்றத்திலேயே இரு பிரிவினரும் வேறுபடலாயினர். தலைமையைப் பின்பற்றியோர் பின்தங்கியோர் என்று கொள்வது பிழையாகும். அவர்களும் மகளிர் கல்வியிலும் நவீனத் தொழில்நுட்பத்திலும் முன்னின்றனர். இதனை ஜோனா பிளாங்க் என்னும் மானிடவியலார் 2001இல் வெளியான தம் நூலில் விரிவாகக் காட்டியுள்ளார். இரு பிரிவுக்கும் இடையிலான வேறுபாடு பழைமைக்கும் புதுமைக்கும் இடையிலானது அன்று. இசைவு பெற்று வாழ்வதற்கும் பெறாது வாழ்வதற்கும் இடையிலானது.

சீர்திருத்தவாதிகள் தாஈயின் சமயத் தலைமையை மறுக்கவில்லை என்பதை மீண்டும் வலியுறுத்த வேண்டும். வரியும் காணிக்கையும் கணக்குக்கு உட்படுதல், உலகியல் காரியங்களுக்கு ரஸா கோராமை, சமூகப் புறக்கணிப்பைக் கைவிடுதல் ஆகியனவே அவர்தம் கோரிக்கைகள். தலைமையோ, பிரிக்கவியலாத ஒன்றைப் பிரிக்கக் கோருகின்றனர் என்று விடையளித்தது. முழு நம்பிக்கையாளரும் இவர்களைத் தம்மவர் என்று ஏற்கவில்லை. சமயமே வேண்டா என்போரும் இவர்களை அரைகுறைச் சீர்திருத்தவாதிகள் என்று எள்ளினர். இவ்விரு ஏளனங்களுக்கும் இடையே ஏறத்தாழ அரை நூற்றாண்டு அவர்கள் நிலைத்தனர்.

விசாரணைகள்

நெருக்கடி நிலை நீங்கிய 1977இல் அகில உலக தாவூதி போரா மாநாடு உதயப்பூரில் கூடிற்று. அவ்வாண்டே, ஜெயப்பிரகாஷ் நாராயணன் நிறுவிய குடியாட்சிக்கான குடிமக்கள் அமைப்பு, ஓய்வுபெற்ற நீதிபதி நரேந்திர நாத்வானி தலைமையில் ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. இது அரசு அமைத்த குழுவன்று. அழைப்பாணை அனுப்பும் அதிகாரமும் அதற்கில்லை. சமயக் காரியத்தில் தலையிடுவது என்று கூறித் தலைமை அக்குழுவைப் புறக்கணித்தது. ஆகவே ஒரு தரப்பின் சான்றுகளே அதன்முன் மிகுதியாக வந்தன என்னும் குறையை மறுப்பதற்கில்லை. 1979இல் வெளியான அதன் அறிக்கை, மாற்றுக் கருத்துடையோர் சமூகப் புறக்கணிப்புக்கு உள்ளாவதையும் மீசாக் உறுதிமொழி உலகியல் காரியங்களிலும் கீழ்ப்படியச் செய்யும் கருவியாக ஆளப்படுவதையும் பதிவு செய்து, சட்டத் தீர்வை வேண்டியது. நீதிபதி தெவாத்தியாவும் இதழாளர் குல்தீப் நய்யாரும் நடத்திய மற்றொரு விசாரணையின் அறிக்கை 1993இல் வந்தது. நாடாளுமன்றம் இவற்றின்மீது சட்டம் எதனையும் இயற்றவில்லை. ஒருமுகமாய் நிற்கும் வாக்குகளுக்கும் நன்கொடைகளுக்கும் எக்கட்சியும் பகையாக விரும்புவதில்லை என்ற சீர்திருத்தவாதிகளின் குறைபாடு பொருளற்றதன்று.

அஸ்கர் அலி எஞ்சினியர்

இவ்வியக்கத்தின் அறிவுமுகமாக விளங்கியவர் அஸ்கர் அலி எஞ்சினியர். உதயப்பூருக்கு அருகிலுள்ள சலூம்பரில் 1939 மார்ச் 10இல் பிறந்தார். தந்தையார் ஆமிலாகப் பணியாற்றியவர். மகனுக்கு அரபியும் குர்ஆன் விளக்கமும் பாத்திமிய நூல்களும் தாமே கற்பித்தார். மகனோ கட்டடப் பொறியியல் பயின்று பம்பாய் மாநகராட்சியில் ஏறத்தாழ இருபது ஆண்டு பொறியாளராக இருந்தார். ஒரு சமயத் தலைமையின் அதிகாரத்தை வினவ, அச்சமயத்தின் மூலநூல்களைத் தந்தையிடமே கற்ற ஒருவர் முன்வந்தார் என்பது எதிர்த்தரப்புக்கு இடர்ப்பாடாகவே இருந்திருக்கும். நூலறியாதவர் என்று அவரைத் தள்ள முடியவில்லை.

உதயப்பூர்ப் போராட்டத்தை ஒட்டி 1970களின் தொடக்கத்தில் நாளிதழ்களில் எழுதத் தொடங்கினார். 1977 மாநாட்டில் பொதுச் செயலாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். விலக்கம் அவருக்கும் நேர்ந்தது. மாநகராட்சிப் பணியினின்று விலகியபின், 1980இல் மும்பையில் இஸ்லாமிய ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். அவ்வாண்டு போராக்களைப் பற்றிய அவருடைய நூலும் வெளிவந்தது. 1992-93 மும்பைக் கலவரங்களை அடுத்துச் சமூகமும் சமயச்சார்பின்மையும் பற்றிய ஆய்வு மையத்தை 1993இல் நிறுவினார். தம் சமூகத்துக்குள்ளே ஒடுக்கப்பட்ட அனுபவம் அவரை இஸ்லாத்தினின்று அகற்றவில்லை. முஸ்லிம் பெண்களின் உரிமை, வகுப்புக் கலவரங்களின் காரணங்கள் என்று ஆய்வுப் பரப்பை விரிக்கச் செய்தது. கலவரம் நிகழ்ந்த ஊர்களுக்குத் தாமே சென்று கண்டு எழுதினார். 2000இல் அவர்தம் வீடும் அலுவலகமும் தாக்கப்பட்டன. 2004இல் சுவாமி அக்னிவேஷுடன் மாற்று நோபல் எனப்படும் நல்வாழ்வு விருதைப் பெற்றார். 2011இல் தன்வரலாறு வெளிவந்தது. 2013 மே 14இல் மறைந்தார். மும்பையில் சுன்னி முஸ்லிம்களின் அடக்கத்தலத்தில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.

பின்னர் நிகழ்ந்தவை

52ஆம் தாஈ 2014இல் மறைந்தபின் வாரிசுரிமை வழக்கு ஒன்று எழுந்தது. பம்பாய் உயர் நீதிமன்றம் 2024 ஏப்ரலில் முஃபத்தல் சைபுத்தீனுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. தாம் சான்றை மட்டுமே தீர்மானிப்பதாகவும் நம்பிக்கையைத் தீர்மானிக்கவில்லை என்றும் நீதிபதி கூறினார். 1921இலும் 1947இலும் நீதிமன்றங்கள் நடந்த அதே ஒற்றையடிப் பாதை இது.

1962 தீர்ப்பை மறுஆய்வு செய்யக் கோரி தாவூதி போரா சமூக மத்திய வாரியம் 1986இல் உச்ச நீதிமன்றத்தில் மனுச் செய்தது. எத்தனை நீதிபதிகள் கொண்ட அமர்வு இதனை விசாரிக்கலாம் என்ற முன்வினாவுக்கே 2004 டிசம்பரில்தான் விடை கிடைத்தது. விசித்திரமாக அவ்விடைக்காகவே இவ்வழக்கு சட்ட மாணவர்களிடையே பெயர் பெற்றது. இதற்கிடையே சமூகப் புறக்கணிப்பைத் தடுக்கும் சட்டத்தை மகாராட்டிரம் 2016இல் இயற்ற, அது 2017இல் நடைமுறைக்கு வந்தது. சாதிப் பஞ்சாயத்துகளின் கொடுமைகளை முன்வைத்தே அச்சட்டம் பிறந்தது. அதன் வரவால் போராக்களின் மனு பொருளற்றதாகிவிட்டது என்று ஒரு தரப்பும், மாநிலச் சட்டம் ஒன்று 1962 தீர்ப்பை மாற்றிவிடாது என்று மறுதரப்பும் வாதிட்டன. 2023 பிப்ரவரி 10இல் ஐவர் அமர்வு, சமயப் பிரிவின் 26ஆம் உறுப்புரிமையைத் தனிமனிதரின் 21ஆம் உறுப்புரிமையோடு சமன்செய்து பார்க்க வேண்டியுள்ளது என்றும், விலக்க வழக்கம் அரசியலமைப்பு ஒழுக்கத்தின் சோதனைக்கு நிற்குமா என்று ஆராய வேண்டியுள்ளது என்றும் கருதி, இவ்வழக்கைச் சபரிமலை வினாக்களை ஏற்றிருந்த ஒன்பதின்மர் அமர்வுக்கு அனுப்பியது. மனு தாக்கலாகி அப்போது 37 ஆண்டுகள் ஆகியிருந்தன.